பெட்டி வாயடைத்த நாள்

லோன்னி ப்ரூயிட் வீட்டில் பிரிட்ஜுக்கு மேல் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. போலீஸ்காரர்கள் ஒயர்லெஸ்ஸில் பேசிக்கொள்வதெல்லாம் அதில் கேட்கும். காப் பள்ளத்தில் அது இல்லாத வீடு குறைவு. ஓடையை ஒட்டி மூன்று மைல் நீளும் பள்ளம் அது. இரண்டு பக்கமும் செங்குத்தான மலை. செல்போனில் ஒரு கோடுகூட வராது. மழை பெய்தால் டிவியும் படுத்துவிடும். பெட்டி மட்டும் படுக்காது. எந்த வளைவில் நிலக்கரி லாரி சாய்ந்தது, யார் வீட்டுப் பையன் குடித்துவிட்டுப் பாலத்தில் மோதினான், எந்தப் பெண் இரண்டு நாளாக வீடு திரும்பவில்லை என்பதையெல்லாம் ஜனங்கள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே கேட்பார்கள்.

மற்றவர்களுக்கு அது பொழுதுபோக்கு. லோன்னிக்குப் பிழைப்பு. அவன் இழுவை வண்டிக்காரன். எங்கே வண்டி கவிழ்ந்தது என்று பெட்டி சொன்ன பத்தாவது நிமிஷம் அவன் சங்கிலியும் கொக்கியுமாக அங்கே நிற்பான். போலீஸ்காரர் அவனுக்குப் பின்னால் வந்து சேர்ந்த நாட்களும் உண்டு. மலைப்பாதையில் முன்னால் வந்து நிற்பவனுக்குத்தான் வண்டி.

அவன் மனைவி வெல்டாவுக்கு அந்தப் பெட்டி வேறு ஒன்று. அதில் பகல் முழுக்கப் பேசிய குரல் அவளுடைய அக்கா நோரீனுடையது. இருபது மைல் தள்ளி, மாநிலப் போலீஸ் நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் நோரீனுக்கு வேலை. அக்காவோடு பேசக்கூடாது என்று லோன்னி உத்தரவு போட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஆனால் பெட்டியை அணைக்க அவனாலும் முடியாது. "பன்னிரண்டாம் வண்டி, மில் ரோட்டுல மாடு குறுக்க நிக்குது, கொஞ்சம் பாருங்க" என்று அக்கா யாருக்கோ சொல்லும்போது, வெல்டா கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நிற்பாள். தொண்டை கட்டியிருக்கிறதா, தூங்காமல் வந்திருக்கிறாளா, யார் மேலாவது கோபமா என்பது எல்லாம் அந்த இரண்டு வார்த்தையில் அவளுக்குத் தெரிந்துவிடும்.

அவளுக்கு ஒன்று தெரிந்தால் லோன்னிக்கு ஒன்பது தெரியும். மூன்று தடவை பக்கத்து வீட்டுக்காரர்கள் அலறல் கேட்டுப் போலீஸைக் கூப்பிட்டார்கள். மூன்று தடவையும் பெட்டி அவனுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டது. "காப் பள்ளம், ப்ரூயிட் வீடு, வீட்டுச் சண்டை" என்று அக்காவின் குரலே சொல்லும். போலீஸ் வந்து சேர இருபது இருபத்தைந்து நிமிஷம். அதற்குள் அவன் வெல்டாவின் முகத்தைக் கழுவிவிடுவான். கை நீளமான சட்டையை அவனே எடுத்துப் போட்டுவிடுவான். உடைந்த தட்டைப் பெருக்கிவிடுவான். வண்டி முற்றத்தில் நிற்கும்போது காபி மணக்கும். "வாங்க சார், குளிருக்கு ஒரு வாய் குடிச்சிட்டுப் போங்க" என்பான். அவர்கள் போன பிறகு மிச்சத்தை முடிப்பான். மூன்றாவது தடவை அப்படி முடித்ததில் அவளுடைய இடது கையில் இரண்டு விரல்கள் முறிந்து, கோணலாகவே கூடிவிட்டன.

அக்டோபர் கடைசியில் தீயணைப்பு நிலையத்தில் ஒரு கூட்டம் நடந்தது. போலீஸ் ஒயர்லெஸ்ஸை அடியோடு மாற்றப் போகிறோம் என்று மேலிடத்திலிருந்து ஆட்கள் வந்து விளக்கினார்கள். லோன்னி அதற்குப் போய்விட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தான். அவன் அப்பா வர்ஜிலும் மேஜைக்கு வந்திருந்தார். முப்பது வருஷம் சுரங்கத்தில் கரித்தூசி தின்ற நுரையீரல் அவருக்கு. மூக்கில் செருகிய குழாய் பாம்பாட்டம் தரையில் ஓடி, அவர் அறையிலிருந்த ஆக்ஸிஜன் மெஷினில் போய்ச் சேரும். குழாய் எட்டும் தூரம்தான் அவருடைய ஊர்.

"என்னடா சொன்னானுங்க?" என்று வர்ஜில் மூச்சை வாங்கி வாங்கிக் கேட்டார்.

"நாலு மலையில நாலு டவர் நட்டாச்சாம். இனிமே அவனுங்க பேசுறது பூட்டுப் போட்டு வருமாம். சாவி அவனுங்க கிட்ட மட்டும் இருக்குமாம்."

"அப்ப நம்ம பெட்டி?"

"உஸ்ஸுன்னு சத்தம் வரும். தாலாட்டுன்னு நெனச்சுத் தூங்கிக்கோ."

"அட பாவிங்களா. எனக்கு வேற என்னடா பொழுது?"

"உன் பொழுத விடு, என் பொழப்ப பாரு. விபத்துன்னா இனிமே கம்ப்யூட்டரே வரிசைப்படி இழுவை வண்டியக் கூப்பிடுமாம். நான் எந்திரிச்சேன். ஏன்யா, ஒருத்தன் வண்டிக்குள்ள நசுங்கிக் கெடக்கான், பக்கத்துல நான் இருக்கேன், நீ வரிசைன்னு சொல்லி முப்பது மைலுக்கு அந்தப்பக்கம் இருக்கவனைக் கூப்பிடுவியா, அவன் வர்ற வரைக்கும் இவன் உசுரு வரிசையில நிக்குமான்னு கேட்டேன். மொத்தக் கூட்டமும் கை தட்டுச்சு."

அவன் சொன்னதில் நியாயமும் இருந்தது. வெல்டா இரும்புச் சட்டியிலிருந்த மக்காச்சோள ரொட்டியைத் துண்டு போட்டு, பன்றிக்கொழுப்பில் வெந்த பீன்ஸோடு அவன் தட்டில் வைத்தாள்.

"உன் அக்காக்காரிக்கு மட்டும் யோகம்" என்றான் லோன்னி. "புது நாற்காலி, மூணு திரை வச்ச மேஜை. மகாராணி. என்ன சிரிக்கிற?"

"நான் சிரிக்கலையே."

"உதட்டோரமா சிரிச்ச. நான் பாத்தேன்."

"இல்ல லோன்னி..."

அவன் எழுந்திருக்கக்கூட இல்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே அவள் மணிக்கட்டைப் பிடித்து, உள்ளங்கையைச் சட்டியின் விளிம்பில் வைத்து அழுத்தினான். தோல் சுரீரென்றது. அவள் கத்தவில்லை, கத்தினால் நேரம் கூடும் என்று அவளுக்குத் தெரியும். வர்ஜில் ரொட்டியைப் பிய்த்துப் பால் டம்ளருக்குள் போட்டு, அது ஊறுவதையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வியாழக்கிழமை வர்ஜிலுக்கு மூச்சுப் பரிசோதனை. லோன்னி இருவரையும் மருத்துவமனை வாசலில் இறக்கிவிட்டுப் பழைய இரும்புக் கடைக்குப் போனான். கிழவரை உள்ளே அனுப்பிவிட்டு வெல்டா வெளியே வந்தபோது, அவருடைய பரிசோதனை நாளைத் தெரிந்துவைத்திருந்த நோரீன் கார்கள் நிற்கும் இடத்தில் நின்றிருந்தாள். தங்கையைவிடப் பத்து வயது மூத்தவள்; பருத்த உடம்பு; அழுகை வந்தால் அதட்டுகிற சுபாவம்.

"கையில என்ன கட்டு?"

"அடுப்பு."

"அடுப்புக்கு லோன்னின்னு பேரு வச்சிருக்கீங்களா?"

வெல்டா கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். "மூணு நாளா மூக்கடைச்சுப் பேசுற. மருந்து சாப்பிட்டியா?" என்றாள்.

நோரீன் சட்டென்று திரும்பிக் காரின் கண்ணாடியைத் துடைத்தாள். அதில் துடைக்க ஒன்றுமில்லை.

"நான் சொல்றத ஒழுங்கா கேளு. வர்ற செவ்வாக்கிழமை காலைல ஒன்பது மணி. அதுக்கப்புறம் நாங்க யாரை எங்க அனுப்புறோம்னு அவனுக்கு ஒரு எழவும் தெரியாது."

"எனக்கும் தெரியாதே அக்கா. உன் குரல் வராதே."

நோரீன் அதை யோசித்திருக்கவில்லை. கார்ச் சாவியைக் கைக்குள் உருட்டினாள். பிறகு, "குரல் கெடக்கு குரல். ஆள் உசுரோட இருந்தா நேர்லயே பேசிக்கலாம்" என்றாள். "அவசர நம்பரை அமுத்து. பேசக்கூட வேண்டாம். ரிசீவரை அப்படியே போட்டுடு. விலாசம் என் திரையில வந்து நிக்கும்."

"போன் மாமா ரூம்ல இருக்கு. அவருக்கு மூச்சு முட்டுனா கூப்பிடன்னு வச்சது. அந்த ரூமுக்கு நான் போனாலே லோன்னி பின்னாலயே வருவான்."

"அப்ப கெழவனை அமுத்தச் சொல்லு."

"அவரையா?" வெல்டா சிரித்துவிட்டாள். ரொம்ப நாள் கழித்து வந்த சிரிப்பு, இருமல் மாதிரி இருந்தது. "ஆறு வருஷமா அடுத்த ரூம்லதான் இருக்கார் அக்கா."

"இப்பவே வண்டில ஏறு. போயிடலாம்."

"போன தடவை ஏறினேனே. அவன் துப்பாக்கியோட உன் வாசல்ல வந்து நின்னான். போலீஸ் வர்றாங்கன்னு வண்டில இருந்த பெட்டி சொன்னதும் மான் வேட்டைக்கு வந்தேன்னு சொல்லிட்டுப் போயிட்டான். உன் பேரப்பிள்ளைங்க ஜன்னல்ல நின்னு பாத்துச்சுங்க." வெல்டா கட்டுப் போட்ட கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள். "அவன் தயாரா இல்லாதப்ப ஒரே ஒரு தடவை அவங்க வந்து கண்ணால பாக்கட்டும் அக்கா. அது போதும்."

செவ்வாய்க்கிழமை காலையில் ஓடையோரப் புல்லெல்லாம் பனியில் வெளுத்திருந்தது. லோன்னி மேஜையில் கைகளை ஊன்றிக்கொண்டு பெட்டியையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். வர்ஜிலும் குழாயை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். சரியாக ஒன்பதுக்கு நோரீனின் குரல் வந்தது.

"எல்லா வண்டிகளுக்கும். இந்த அலைவரிசை இத்தோட மூடப்படுது. இனி எல்லாரும் புதுசுக்கு மாறிக்கணும்." சின்ன இடைவெளி. "இதைக் கேட்டுக்கிட்டிருந்தவங்க எல்லாரும் பத்திரமா இருங்க."

அதன் பிறகு உஸ்ஸென்ற சத்தம்தான். வெல்டா ஒரு தட்டை ஐந்து நிமிஷம் துடைத்தாள்.

லோன்னி வண்டியை எடுத்துக்கொண்டு போனான். சாலை முனையில் நின்று பார்த்தால் ஏதாவது கண்ணில் படும் என்பது அவன் கணக்கு. பதினோரு மணி வாக்கில் மரம் அறுக்கும் மில் வளைவில் ஒரு நிலக்கரி லாரி கவிழ்ந்தது. அவன் நின்ற இடத்திலிருந்து இரண்டே மைல். அவனுக்குத் தெரியவில்லை. ஒரு மணிக்கு, மலைக்கு அந்தப்பக்கத்து இழுவை வண்டி அந்த லாரியை இழுத்துக்கொண்டு அவன் மூக்குக்கு முன்னாலேயே போயிற்று. ஓட்டியவன் தொப்பியைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனான்.

லோன்னி வீட்டுக்குள் நுழைந்தபோது தோளில் இழுவைப் பட்டை தொங்கியது. நாலு விரல் அகலம், நாரால் பின்னியது, ஒரு நுனியில் இரும்புக் கொக்கி. வெல்டா உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.

"சாப்பிட வை" என்று சொல்லவில்லை அவன். பெட்டியை பிரிட்ஜ் மேலிருந்து இறக்கி மேஜை மேல் வைத்தான். நாற்காலியை இழுத்துப் போட்டான். "உக்காரு."

அவள் உட்கார்ந்தாள்.

"உன் அக்கா குரலைக் கண்டுபிடி."

"அது வராது லோன்னி. நீதான சொன்ன, பூட்டுப் போட்டு..."

பட்டை அவள் தோளில் விழுந்தது. கொக்கி இல்லாத நுனிதான். "திருப்பு. குமிழைத் திருப்பு. ரெண்டு வருஷமா அவ குரலைக் கேட்டுக் கேட்டு மூஞ்சி மலருமே, எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? வியாழக்கிழமை ஆஸ்பத்திரி வாசல்ல என்ன பேசுனீங்க?"

அவள் விரல் குமிழின் மேலேயே நின்றுவிட்டது.

"இரும்புக் கடைக்காரன் அன்னிக்கு அந்த வழியாத்தான் வந்தானாம், இன்னிக்குச் சொன்னான். ரெண்டு பேரும் கூடிக் குசுகுசுன்னு பேசிக்கிட்டு இருந்தீங்களாம். திருப்பு."

அவள் திருப்பினாள். உஸ்ஸென்றது. அடி. இன்னொரு பக்கம் திருப்பினாள். எங்கோ தொலைவில் ஒரு லாரி ஓட்டுநர் யாரிடமோ வழி கேட்டான். பிறகு அதுவும் மறைந்தது. அடி. முதுகில் சட்டை ஒட்டிக்கொள்ளத் தொடங்கியது. காதுக்குப் பின்னாலிருந்து ஏதோ வெதுவெதுப்பாகக் கழுத்தில் இறங்கியது. ஒவ்வொரு தடவையும் அவன் ஒரே கேள்வியைக் கேட்டான். "கேக்குதா? உன் அக்கா கேக்குதா?" ஒரு தடவை பட்டை கை மாறி, கொக்கி நுனி வந்து அவள் புஜத்தில் இறங்கியது. எலும்பு முறிகிற சத்தத்தை அவளே கேட்டாள்.

வலியில் தலை சாய்ந்தபோதுதான் அவள் அதைக் கண்டாள். அடுத்த அறையின் கதவு பாதி திறந்திருந்தது. கட்டிலின் ஓரத்தில் வர்ஜிலின் கை போர்வைக்குள்ளிருந்து வெளியே வந்து, மெதுவாக, போனை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. கை மட்டும்தான் தெரிந்தது. முகம் தெரியவில்லை.

லோன்னி அந்த அறைக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தான். பழைய போன், பொத்தானை அழுத்தினால் ஒவ்வொன்றும் கீ என்று கத்தும். வெல்டா நல்ல கையை நீட்டி, பெட்டியின் சத்தத்தைக் கடைசி வரைக்கும் திருகினாள். உஸ்ஸென்ற இரைச்சல் வீட்டை நிறைத்தது.

"என்னடீ பண்ற?"

"கிட்ட இருக்கற மாதிரி இருக்கு" என்றாள் வெல்டா. "சத்தமா வச்சாத்தான் கேக்கும். இரு. கொஞ்சம் இரு. வருது."

அவன் குனிந்து பெட்டியில் காதை வைத்தான். மனிதன் உண்மையாகவே எதிர்பார்த்தான். அந்த முகத்தை அவளால் பிறகும் மறக்க முடியவில்லை. தூண்டிலில் மீன் கடிக்கிறதா என்று பார்க்கிற முகம்.

முன்பெல்லாம் அக்காவின் குரல் சொல்லிவிடும். வருகிறார்கள், இன்னும் இருபது நிமிஷம், பல்லைக் கடித்துக்கொள் என்று. இப்போது எதுவுமில்லை. கிழவர் நம்பரை அழுத்தினாரா, விரல் நழுவியதா, அந்தப்பக்கம் யாராவது எடுத்தார்களா, எதுவும் அவளுக்குத் தெரியாது. யாரும் வராத வீட்டில் அடி வாங்குவது போலவே அவள் வாங்கிக்கொண்டிருந்தாள். கடிகாரத்தைப் பார்க்கவும் பயம். பார்த்தால் அவனும் பார்ப்பான்.

முற்றத்துச் சரளைக்கல் நெறிபடும் சத்தம் கேட்டது. விளக்கு இல்லை, சைரன் இல்லை. லோன்னி நிமிர்ந்தான். ஜன்னலில் நீலத் தொப்பி தெரிந்தது. அவன் பெட்டியைப் பார்த்தான். மறுபடி ஜன்னலைப் பார்த்தான்.

"இவன் எப்படிடா வந்தான்?" என்று பெட்டியிடம் கேட்டான்.

வந்தவர் அடேர் என்ற போலீஸ்காரர். ஐம்பதை நெருங்கும் ஆள். மூன்று தடவையும் வந்து காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனவர். அவர் வலைக்கதவுக்கு வெளியே நின்று உள்ளே பார்த்தார். மேஜையில் ரத்தம், தரையில் ரத்தம், லோன்னியின் கையில் பட்டை. கழுவ நேரம் கிடைக்காத வீட்டை அவர் முதல் தடவையாகப் பார்த்தார்.

"லோன்னி, அதைக் கீழ போடு. கையை நான் பாக்கற மாதிரி வை."

லோன்னி பட்டையைக் கீழே போட்டான். போட்ட கையோடு கதவோரம் சாய்த்திருந்த மான் துப்பாக்கியை எடுத்து, வலைக்கதவு வழியாகவே சுட்டான்.

அடேர் படிகளில் சரிந்து முற்றத்தில் விழுந்தார். தொடையைப் பிடித்துக்கொண்டு வண்டிச் சக்கரத்துக்குப் பின்னால் ஊர்ந்தார். அவரும் சுட்டார், குண்டு கூரைத் தகரத்தில் பட்டது. பிறகு அவருடைய கைத்துப்பாக்கி ரத்தத்தில் வழுக்கிச் சரளையில் விழுந்தது. தோளில் இருந்த சின்ன மைக்கை அமுக்கினார். அது இரண்டு தடவை கீச்சென்று கத்திவிட்டு நின்றது. புது டவர்களின் கை அந்தப் பள்ளத்துக்குள் எட்டவில்லை.

லோன்னி அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொண்டு படியிறங்கினான். அவசரமே இல்லை. "என் வீட்டுக்குச் சொல்லாம கொள்ளாம வருவியா? சொல்லாம வருவியா?" என்று கேட்டுக்கொண்டே போனான்.

தாழ்வாரத்தில் சங்கிலிக் குவியலுக்குப் பக்கத்தில் டயர் கழற்றும் கடப்பாரை கிடந்தது. வெல்டா அதை எடுத்ததை யோசித்துச் செய்யவில்லை என்று பிற்பாடு கோர்ட்டில் சொன்னாள். அது பொய். அவள் யோசித்தாள். ஒரு கைதான் வேலை செய்கிறது, ஆகையால் மேலே ஓங்கக்கூடாது, பக்கவாட்டில் வீச வேண்டும், முழங்காலில் வீச வேண்டும் என்று மூன்று படி இறங்குவதற்குள் யோசித்து முடித்தாள்.

முழங்கால் பின்பக்கமாக மடங்கியது. துப்பாக்கி வானத்தைப் பார்த்து வெடித்தது. அவன் விழுந்ததும் மணிக்கட்டில் போட்டாள். பிறகு முழங்கையில். அவன் "வெல்டா, வெல்டா" என்றான். கல்யாணமான புதிதில் கூப்பிட்ட குரல். அவள் தோளில் போட்டாள். அவன் கூப்பிடுவதை நிறுத்திய பிறகும் அவள் நிறுத்தவில்லை.

"போதும்மா" என்றார் அடேர், சக்கரத்துக்குப் பின்னாலிருந்து. "ஏம்மா, போதும். அவன் இனி எந்திரிக்க மாட்டான். என்னைப் பாரு. என்னால ரத்தத்தை நிறுத்த முடியல. வண்டில பெரிய மைக் இருக்கு, அது எட்டும். பட்டனை அமுத்திக்கிட்டுப் பேசு."

அவள் லோன்னியின் துப்பாக்கியைக் காலாலேயே வண்டி வரைக்கும் தள்ளிக்கொண்டு போய், வண்டிக்குள் தலையை நுழைத்து மைக்கை எடுத்தாள்.

"அக்கா."

இரண்டு நொடி ஒன்றும் வரவில்லை. பிறகு குரல் வந்தது. இரைச்சலே இல்லாமல், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் வந்தது.

"சொல்லு வெல்டா. நான் இருக்கேன்."

"போலீஸ்காரருக்குத் தொடையில குண்டு. ரத்தம் கொட்டுது."

"துப்பாக்கி எங்க?"

"என் காலுக்கிட்ட."

"அவன்?"

"கெடக்கான். மூச்சு இருக்கு."

"சரி. அழாத. பெல்ட் ஏதாவது எடு. காயத்துக்கு மேல, இடுப்புக்கிட்ட, இறுக்கிக் கட்டு. அவர் கத்துவார், கத்தட்டும். கட்டுனியா?"

"ஒரு கைதான் இருக்கு அக்கா."

"ஒரு நுனியப் பல்லுல கடிச்சுக்கோ. இன்னொரு வண்டி பாலத்தைத் தாண்டிடுச்சு. ஆம்புலன்ஸ் அதுக்குப் பின்னாலயே வருது. பத்து நிமிஷம். நான் பேசிக்கிட்டே இருக்கேன், நீ கட்டிக்கிட்டே இரு."

பத்து நிமிஷமும் நோரீன் பேசிக்கொண்டே இருந்தாள். அவளுடைய மேலதிகாரி, "விலகிக்கோ நோரீன், வேற ஆள் பாக்கட்டும்" என்று நாற்காலியின் முதுகில் கை வைத்ததையும், தான் அவர் கையைத் தட்டிவிட்டதையும் பிறகு தங்கையிடம் சொன்னாள். போன் வந்தபோது திரையில் விலாசத்தோடு அவளுக்குக் கேட்டது இரைச்சலும் ஆக்ஸிஜன் மெஷினும் "உன் அக்கா கேக்குதா?" என்ற லோன்னியின் குரலும்தான். ஒவ்வொரு தடவையும் அவள் வாய்க்குள்ளேயே "கேக்குது" என்று சொன்னாளாம். முதல் குண்டுச் சத்தம் கேட்டபோது அது யார் மேல் பட்டது என்று தெரியாமல் அடுத்த வண்டிக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

அடேர் பிழைத்தார், கொஞ்சம் சாய்ந்து நடக்கிறார். லோன்னியும் பிழைத்தான். இருபத்திரண்டு வருஷம் என்று தீர்ப்பானது. கோர்ட்டுக்கு அவனைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்தார்கள். வெல்டா அக்கா வீட்டுக்குப் போனாள். அவள் கையில் தகடு வைத்துத் தைத்தார்கள். காப் பள்ளத்தில் ஜனங்கள் பேசாத பெட்டிகளைக் கொஞ்ச நாள் திருகிப் பார்த்துவிட்டுப் பரணில் போட்டார்கள். சிலர் இன்னமும் அந்த டவர்களைத் திட்டுகிறார்கள். "என்ன நடக்குதுன்னே தெரியாம குருடனாட்டம் உக்காந்திருக்கோம்" என்கிறார்கள்.

வர்ஜிலை அரசு முதியோர் இல்லத்தில் சேர்த்திருந்தார்கள். ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை வெல்டா அவரைப் பார்க்கப் போனாள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அவர் பாதியாக இளைத்திருந்தார்.

"ஏன் கூப்பிட்டேன்னு கேக்க மாட்டியா?" என்றார் அவராகவே.

"ஏன் மாமா?"

"முன்னாடியெல்லாம்... நான் போனைத் தொட்டிருந்தா... பெட்டி அவன்கிட்ட சொல்லிடும். சொந்த வீட்டுப் போன்லேருந்து வந்துச்சுன்னு. அவன் என் குழாயை மிதிச்சுக்கிட்டு நின்னுடுவான். அன்னிக்குத்தான் பெட்டிக்கு வாய் இல்ல."

வெல்டா நாற்காலியை இன்னும் கொஞ்சம் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"என் விரல் முறிஞ்ச அன்னிக்கு அடேர் உங்க ரூம் வாசல்ல வந்து நின்னார் மாமா. தொப்பியக் கழட்டிட்டு உங்க கிட்டத்தான் கேட்டார். பெரியவரே, இங்க எல்லாம் நல்லா இருக்கான்னு. லோன்னி முற்றத்துல இருந்தான். போனும் தேவையில்ல, பெட்டியும் தேவையில்ல. உங்க கண்ணுக்கு முன்னால ஒரு போலீஸ்காரர்."

கிழவரின் உதடுகள் அசைந்தன. மூக்கிலிருந்த குழாயில் காற்று சீறியது.

"நல்லா இருக்குன்னு சொன்னேன்."

"ஆமா."

"பையன் இல்லியா அவன்."

"ஆமா" என்றாள் அவள். "நான் யாரு?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தாடி வளர்ந்து கன்னமெல்லாம் வெள்ளை முள்ளாக நின்றது. யாரும் மழித்துவிடுவதில்லை போலிருந்தது. வெல்டா கொண்டுவந்திருந்த ஆரஞ்சை ஒரு கையாலேயே மெல்ல உரித்து, சுளை பிரித்து, அவர் எடுக்கும் தூரத்தில் வைத்துவிட்டு எழுந்தாள்.

"இனிமே வர மாட்டேல்ல?" என்றார் அவர் ஜன்னலைப் பார்த்தபடியே.

"அடுத்த வியாழன் வருவேன். கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலையே."

அடுத்த வியாழன் வந்தாள். மார்ச்சில் அவர் சாகும் வரைக்கும் எல்லா வியாழனும் வந்தாள். சில நாள் கேட்டாள். சில நாள் கேட்காமல், தாடியை மழித்துவிட்டுப் போனாள். பதில் மட்டும் வரவில்லை.